கிரிவலம் நடக்கவிடாத கட்டி: லேசர் என்றாலே அழகு சிகிச்சைதானா?

பௌர்ணமி இரவு திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர், வெறுங்கால், வியர்வை, கூட்டம். இந்திர லிங்கம் தாண்டி அக்னி லிங்கம், எம லிங்கம் என்று போகப்போகத் தொடை இரண்டும் உரசி எரிய ஆரம்பிக்கும். மறுநாள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும்.

சிலருக்கு அப்படிச் சரியாகாது. அவர்களுக்குத் தொடை இடுக்கிலும் அக்குளிலும் ஏற்கெனவே கட்டி இருக்கும். ஒன்று ஆறும், பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். உடையும், சீழ் வடியும், துணியில் கறை படியும், வாடை வரும். ஆறின இடத்தில் கயிறு மாதிரி தடித்த தழும்பு விழும். கையை முழுசா மேலே தூக்க முடியாது. நடந்தால் வலி, உட்கார்ந்தால் வலி. ஆனால் வெளியில் ஒருத்தருக்கும் தெரியாது, ஏன்னா சட்டைக்கும் வேட்டிக்கும் சுடிதாருக்கும் உள்ளேதான் எல்லாம் நடக்கிறது.

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: ஹிட்ராடெனைட்டிஸ் சுப்புரேட்டிவா. வாயில் நுழையாத பெயர்தான், சுருக்கமாக எச்.எஸ். இதற்கு உதவக்கூடிய லேசர் சிகிச்சையும் இருக்கிறது. பிரச்சினை என்னவென்றால், அந்த லேசரின் பெயர் 'முடி நீக்கும் லேசர்'. அந்தப் பெயரைக் கேட்டதும் காப்பீட்டு நிறுவனம், வீட்டுப் பெரியவர்கள், சில நேரம் நோயாளியே கூட அதை 'பியூட்டி பார்லர் சமாச்சாரம்' என்ற கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தப்பு.

சூட்டுக் கட்டி இல்லீங்க, இது வேற

நம்ம ஊரில் கட்டி வந்தால் முதலில் வரும் தீர்ப்பு, "உடம்பு சூடு". வெயில் காலத்தில் வேனல் கட்டி என்பார்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்து போடுவார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்வார்கள். எப்போதோ ஒரு தடவை வந்து போகும் சாதாரணக் கட்டிக்கு இந்த அனுபவ அறிவில் பெரிய கெடுதல் இல்லை. எச்.எஸ். விஷயத்தில் கெடுதல் உண்டு, காரணம் இது திரும்பத் திரும்ப அதே இடங்களில் வரும். அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்பின் கீழ் மடிப்பு, பிட்டம், ஆசனவாயைச் சுற்றி. தோலும் தோலும் உரசும் இடங்கள்.

உள்ளே நடப்பது இதுதான். முடி முளைக்கும் சின்னக் குழியின் வாய் அடைத்துக்கொள்கிறது. அடைத்த குழி உப்பி, தோலுக்கு அடியிலேயே வெடிக்கிறது. உள்ளே இருந்த சரக்கு சுற்றியுள்ள திசுவில் கொட்டியதும், உடம்பின் எதிர்ப்பு சக்தி அதை எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அதுதான் அந்த வீக்கமும் வலியும் சீழும். இது பல தடவை நடந்தபின் ஒரு கட்டிக்கும் அடுத்த கட்டிக்கும் இடையே தோலுக்கு அடியில் சுரங்கப் பாதை உருவாகிவிடும். தமிழில் இதற்கு அருமையான சொல் ஏற்கெனவே உண்டு: புரை. 'புரையோடிய புண்' என்று பெரியவர்கள் சொன்னது இதுபோன்ற ஒன்றைத்தான். புரை விழுந்த இடம் தானாக மூடுவது அபூர்வம்.

ஆக, இது அடிப்படையில் கிருமித் தொற்று கிடையாது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. ஒரே துண்டைப் பயன்படுத்தினாலும், ஒரே பாயில் படுத்தாலும், கணவன் மனைவி நெருக்கத்தாலும் பரவாது. குளிக்காததால் வருவதும் இல்லை. 1839-ல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் வெல்போ இதை முதலில் விவரித்தார். 1854-ல் வெர்நெய் என்ற இன்னொரு பிரெஞ்சு அறுவை மருத்துவர், இது வியர்வைச் சுரப்பியின் நோய் என்று நினைத்துப் பெயர் வைத்தார். அவர் நினைத்தது சரியில்லை என்று பின்னால் தெரிந்தது, முடிக்குழிதான் ஆரம்பம். ஆனால் பெயர் மட்டும் மாறவில்லை. சில குடும்பங்களில் இது மரபணு வழியாகவே வருகிறது என்பதை 2010-ல் சீனக் குடும்பங்களில் நடந்த ஆய்வு காட்டியது. இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருக்கிறது.

புகைப்பழக்கமும் உடல் எடையும் இதோடு சேர்ந்தே பேசப்படும். தொடர்பு உண்டு, மறுக்க வேண்டியதில்லை. சிகரெட்டை விட்டால், எடை குறைந்தால் சிலருக்கு நோயின் வேகம் தணியும். ஆனால் சிகரெட்டைத் தொடாத, ஒல்லியான ஆட்களுக்கும் வருகிறது. "நீ எடையைக் குறைச்சிட்டு அப்புறமா வா" என்று சொல்லி அனுப்பிவிடுவது சிகிச்சை ஆகாது. நடந்தாலே தொடை இடுக்கில் ரத்தம் கசியும் ஒருவர் எப்படி நடைப்பயிற்சி போவார்?

அருணகிரிநாதர் ஊரில் தோல் நோய்

இந்த நோயைச் சுற்றியுள்ள வெட்கத்தைப் பேச திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. அருணகிரிநாதர் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். இளமையில் தவறான வழியில் போனார், அதனால் உடம்பில் தொழுநோய் வந்தது, வெறுத்துப்போய் வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தார், முருகன் தாங்கிப் பிடித்தான் என்பது கதை. அதன் பிறகுதான் திருப்புகழ். பக்தியாகப் பார்த்தால் மனதைத் தொடும் கதைதான். ஆனால் அந்தக் கதைக்குள் யாரும் கவனிக்காத ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: தோலில் நோய் வந்தால் அது நடத்தைக்குக் கிடைத்த கூலி. தொழுநோய் ஒரு பாக்டீரியா என்று தெரிந்து 150 ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தக் கணக்கு மட்டும் இன்னும் மூடப்படவில்லை.

எச்.எஸ். அந்தக் கணக்கின் மோசமான பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது, வரும் இடம் அப்படி. தொடை இடுக்கில் கட்டி என்றால் உடனே பால்வினை நோயோ என்ற சந்தேகம். கல்யாணம் ஆகாத பெண் என்றால் அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை. பையன் என்றால் மெடிக்கல் ஷாப்பில் போய்க் குரலைத் தாழ்த்தி ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிக்கொள்வான். நோய் பெரும்பாலும் பருவ வயதுக்குப் பிறகு, இருபதுகளில் தலைகாட்டுகிறது. படிப்பு, முதல் வேலை, கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கும் அதே வயது.

மருத்துவரிடம் போனாலும் பாதை நேராக இல்லை. பல நாடுகளில் எடுத்த ஒரு கணக்கு 2015-ல் வெளியானது. முதல் அறிகுறியிலிருந்து எச்.எஸ். என்று பெயர் சொல்லப்படும் வரை சராசரியாக 7.2 ஆண்டுகள் ஆகின்றன. சொரியாசிஸ் நோய்க்கு அதே ஆய்வில் 1.6 ஆண்டுகள்தான். ஏழு வருஷம் என்பது ஒருவர் பிளஸ் டூ முடித்து, கல்லூரி முடித்து, இரண்டு கம்பெனி மாறும் காலம். அந்தக் காலம் முழுக்க ஒவ்வொரு கட்டிக்கும் ஒரு மருத்துவர், ஒவ்வொரு தடவையும் கீறிச் சீழை எடுத்துவிடுவது. கீறிவிட்டால் அன்றைக்கு வலி குறையும், அது நிஜம். ஆனால் வெறுமனே கீறிவிட்ட எச்.எஸ். கட்டி அதே இடத்தில் திரும்பி வருவது கிட்டத்தட்ட உறுதி. சுரங்கம் உள்ளேயே இருக்கிறதே.

'அரிய நோய்' என்ற பட்டம்

அமெரிக்காவில் 2015-ல் அடாலிமுமாப் ஊசிக்கு எச்.எஸ். சிகிச்சைக்காக ஒப்புதல் கிடைத்தபோது, நடுத்தர மற்றும் தீவிர எச்.எஸ்.-ஐ அரிய நோய் வகையில் வைத்துத்தான் சலுகை கொடுத்தார்கள். ஐரோப்பாவில் மக்கள்தொகையில் ஒரு சதவீதம் வரை இருக்கலாம் என்று நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். உலக ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2021 கணக்கு 0.4 சதவீதம் என்கிறது. அமெரிக்க மருத்துவப் பதிவேடுகளை மட்டும் வைத்துப் பார்த்தால் 0.1 சதவீதம்.

இந்த எண்கள் வெளிநாட்டுக்காரர்களுடையவை, அப்படியே இங்கே ஒட்டவைக்க முடியாது. ஆனாலும் ஒரு அளவு புரிவதற்காக: 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்ட மக்கள்தொகை 24.6 லட்சம். குறைந்த கணக்கான 0.1 சதவீதம் என்றாலும் சுமார் 2,500 பேர். 0.4 என்றால் கிட்டத்தட்ட 10,000 பேர். ஆரணி, செய்யாறு, போளூர், செங்கம் எல்லாம் சேர்த்து. இத்தனை பேரையும் ஊர் பார்க்கவில்லை என்றால், நோய் அரிதாக இருப்பதாலா, மறைந்திருப்பதாலா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'அரிய நோய்' என்ற பட்டத்தால் இந்தியாவில் இவர்களுக்குக் கிடைக்கும் பலனும் இல்லை. மத்திய அரசின் 2021 அரிய நோய்கள் கொள்கைப் பட்டியலில் எச்.எஸ். இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளிலும் இல்லை. அரிது என்ற சலுகையும் கிடையாது, பொது நோய் என்ற கவனிப்பும் கிடையாது.

லேசர் என்ன செய்கிறது?

லேசர் என்று பொதுவாகச் சொன்னாலும் எச்.எஸ்.-க்கு முக்கியமாக இரண்டு லேசர்கள். வேலை வேறு வேறு.

முதலாவது என்.டி. யாக் லேசர். இதன் ஒளியின் அலைநீளம் 1064 நானோமீட்டர். முடியில் இருக்கும் கறுப்பு நிறமி இந்த ஒளியை வாங்கிச் சூடாகிறது, அந்தச் சூடு முடிக்குழியைச் செயலிழக்க வைக்கிறது. நோயே முடிக்குழியில்தான் ஆரம்பிக்கிறது என்பதை மேலே பார்த்தோம். குழியே இல்லையென்றால் அடைக்க என்ன இருக்கிறது? முடி போவது இங்கே பக்க விளைவு என்றே சொல்லலாம், நோக்கம் குழியை ஒழிப்பது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனைக் குழு 22 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2009-ல் வெளியானது. ஒரே ஆளின் ஒரு பக்கத்துக்கு லேசரும் பூச்சு மருந்தும், மறு பக்கத்துக்குப் பூச்சு மருந்து மட்டும். மாதம் ஒரு தடவை வீதம் மூன்று மாதம். லேசர் பட்ட பக்கத்தில் நோயின் தீவிரம் சராசரியாக 65 சதவீதம் குறைந்தது, தொடை இடுக்கில் அதைவிட நன்றாக, மார்பின் கீழ் கொஞ்சம் குறைவாக.

22 பேர் என்பது சின்ன ஆய்வு. அதற்குப் பிறகு வந்த சில ஆய்வுகளில் பலன் இவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எனவே 'லேசர் அடித்தால் குணம்' என்று விளம்பரம் பார்த்தால் நம்பாதீர்கள். குணம் என்ற வார்த்தையே இந்த நோயில் கவனமாகப் பயன்படுத்த வேண்டியது. ஆனால் 2019-ல் அமெரிக்கா, கனடா மருத்துவர்கள் சேர்ந்து வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியில் இந்த லேசர் பெயர் சொல்லிப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டியில் ஏறிய ஒன்றை 'அழகு' என்று ஒதுக்க என்ன நியாயம் இருக்கிறது?

நம் தோலுக்கு இந்த 1064 என்ற எண் முக்கியம். அலைநீளம் குறைந்த லேசர்கள், உதாரணமாக 755 நானோமீட்டர் அலெக்சாண்ட்ரைட், மேல் தோலில் இருக்கும் நிறமியிலேயே நிறைய உறிஞ்சப்பட்டுவிடும். வெள்ளைத் தோலுக்கு ஓடிவிடும். மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் சூடு பட்டுக் கொப்பளமும் கறுப்புத் திட்டும் வர வாய்ப்பு அதிகம். 1064 ஒளி மேல் தோலை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போகும். சில பார்லர்களில் 'லேசர்' என்று சொல்லி ஐ.பி.எல். கருவியால் செய்வார்கள். அது லேசரே இல்லை, பல அலைநீளங்கள் கலந்த பிளாஷ் ஒளி. எச்.எஸ். இருப்பவர்கள் சலுகைக் கூப்பனைப் பார்த்துவிட்டு அங்கே போய் உட்காரக் கூடாது. தோல் மருத்துவர் பார்த்து, நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று சொல்லி, அவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது இது.

செய்யும்போது ரப்பர் பேண்டைச் சுண்டி அடித்த மாதிரி சுரீர் என்று இருக்கும். மரத்துப்போகும் களிம்பு தடவுவார்கள், குளிர்விப்பார்கள். ஒரு தடவையில் முடியாது, நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு முறை, பல முறை போக வேண்டும். முதல் ஓரிரு முறைக்குப் பிறகு கட்டி கொஞ்சம் கிளம்புவதும் உண்டு. நரைத்த முடியில் வேலை செய்யாது. சீழ் கோத்துப் பெரிதாக நிற்கும் கட்டியின் மேல் செய்ய மாட்டார்கள், அதை முதலில் அடக்க வேண்டும். புரை விழுந்து ஆண்டுகள் ஆன இடத்தில் இந்த லேசர் மட்டும் போதாது.

அங்கேதான் இரண்டாவது வருகிறது: கார்பன் டை ஆக்சைடு லேசர். இதன் ஒளியைத் தண்ணீர் உறிஞ்சும், திசுவில் பெரும்பகுதி தண்ணீர்தானே, அதனால் பட்ட இடம் ஆவியாகிப் போகும். கத்தி மாதிரி வெட்டும், வெட்டும்போதே சிறிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடும். அறுவை மருத்துவர் சுரங்கத்தின் கூரையைத் திறந்து, உள்ளே கெட்டுப்போன திசுவைச் சுரண்டி எடுப்பார். கூரையைத் திறக்கும் இதே வேலையை லேசர் இல்லாமல் கத்திரிக்கோலாலும் செய்யலாம், நெதர்லாந்தில் 88 இடங்களில் அப்படிச் செய்து பார்த்ததில் 17 சதவீத இடங்களில்தான் திரும்பி வந்தது. வெறுமனே கீறிவிடுவதோடு ஒப்பிட்டால் இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். லேசர் இல்லாத ஊரில் இருக்கிறோமே என்று கவலைப்படுபவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

கார்பன் டை ஆக்சைடு லேசருக்குப் பிறகு புண்ணைப் பெரும்பாலும் தைக்க மாட்டார்கள், திறந்தே விட்டு உள்ளிருந்து ஆற விடுவார்கள். வாரக்கணக்கில் தினமும் டிரெஸ்ஸிங். அலுவலகத்தில் லீவு சொல்ல வேண்டும், 'என்ன ஆச்சு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் யோசித்து வைக்க வேண்டும். தழும்பும் விழும், ஆனால் வடியாத தழும்பு. இறுகிய தழும்பை இளக்க, ஆறிய பிறகு புள்ளி புள்ளியாகத் துளைக்கும் ஃபிராக்ஷனல் லேசரும் உண்டு, அது மூன்றாவது கட்டம்.

இடையில் ஒரு தகவல். கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்த சி. குமார் படேல். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில், 1964-ல். என்.டி. யாக் லேசரும் அதே ஆண்டு அதே ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது. இரண்டுக்கும் 60 வயது தாண்டிவிட்டது. 'இதெல்லாம் புதுசு, இன்னும் சோதனையில் இருக்கு' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லலாம்.

லேசர் தனி ஆளாக நிற்பதும் இல்லை. கூடவே மருந்து போக வேண்டும்: பூசும் கிளிண்டாமைசின், மாத்திரையாக டாக்ஸிசைக்ளின், தீவிரமானால் கிளிண்டாமைசினும் ரிஃபாம்பிசினும் சேர்ந்து பத்து வாரம் போல. ரிஃபாம்பிசின் காசநோயின் முதுகெலும்பு மருந்து. காசநோய் நிறைந்த நாட்டில் அதைக் கட்டிக்கு எடுத்துச் செலவழித்து, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. அதனாலேயே லேசர் போன்ற மருந்தில்லாத வழிக்கு இங்கே கூடுதல் மதிப்பு இருக்க வேண்டும். அடாலிமுமாப் ஊசிக்கு இந்தியாவிலேயே நகல் மருந்து 2014 டிசம்பரில் வந்துவிட்டது, அசலைவிட விலை ரொம்பக் குறைவு. ஆனாலும் எச்.எஸ்.-க்கு வாரம் ஒன்று வீதம் போட வேண்டும், மாதச் சம்பளக்காரருக்கே பாரம். போடும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

காசு யார் கொடுப்பது?

இங்கேதான் 'அழகு' என்ற அந்த ஒற்றைச் சொல் ஆளைக் கவிழ்க்கிறது. ஒரு தடவை லேசருக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஆறு தடவை, இரண்டு மூன்று இடங்கள் என்று பெருக்கிப் பார்த்தால் கிரெடிட் கார்டு வியர்க்கும். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீட்டில் கேட்டால், "சார், காஸ்மெட்டிக் எல்லாம் கவர் ஆகாது" என்று பதில் வரும். பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் எல்லா மருத்துவ பாலிசிகளுக்கும் விலக்குகளை ஒரே மாதிரி வார்த்தைகளில் எழுதச் சொன்னது. அதில் அழகு சிகிச்சைக்கான விலக்கின் எண் 08. உங்கள் பாலிசியிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று ஆரம்பிக்கும் அந்த வாக்கியம் அங்கேயே முடியவில்லை. உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியில் தேவைப்படும் சிகிச்சை என்றால், அதைச் சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால், விலக்கு பொருந்தாது என்றும் சேர்த்தே சொல்கிறது. திரும்பத் திரும்ப வரும் சீழ்க் கட்டி ஆபத்தா இல்லையா என்று வாதாட இடம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆறாமல் கிடக்கும் எச்.எஸ். புண்ணில் அபூர்வமாகப் புற்றுநோய்கூட வருகிறது.

அதனால் மருத்துவர் எழுதும் சீட்டில் 'லேசர் ஹேர் ரிடக்ஷன்' என்று மட்டும் இருந்தால் போதாது. நோயின் முழுப் பெயர் வேண்டும், ஐ.சி.டி. 10 பட்டியலில் அதன் குறியீடு எல் 73.2 வேண்டும், எந்தக் கட்டம் என்று வேண்டும், முன்பு என்ன மருந்து கொடுத்தும் அடங்கவில்லை என்று வேண்டும். கட்டி வந்த நாட்களில் போன் கேமராவில் தேதியோடு எடுத்த படங்கள் உதவும், கூச்சமாக இருந்தாலும். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதற்கும் மேல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும், வந்து போகும் லேசருக்கு வெளிநோயாளிப் பிரிவு தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். புரையைத் திறக்கும் அறுவை சிகிச்சை டே கேர் கணக்கில் வர வாய்ப்பு அதிகம். பாலிசி எடுக்கும்போதே நோயை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு இப்போது அதிகபட்சம் 36 மாதம். மறைத்து மாட்டினால் மொத்தமும் போகும்.

பாலிசியே இல்லாதவர் கதை வேறு. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் 5 லட்சம் வரை தருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ இதயங்களும் சிறுநீரகங்களும் அதனால் ஓடுகின்றன. ஆனால் அதன் அச்சு, மருத்துவமனையில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கு வார்த்தது. மாதம் ஒரு முறை இருபது நிமிடம் வந்து போகும் லேசர் அந்த அச்சில் உட்காராது. ஆண்டுக்கு நாலு தடவை கட்டியைக் கீறும் செலவையும், ஒவ்வொரு தடவையும் போகும் தினக்கூலியையும், வாரக்கணக்கில் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்கையும் கூட்டிப் பார்த்தால், ஆரம்பத்திலேயே லேசர் செய்வது அரசுக்குச் சிக்கனமாகக்கூட இருக்கலாம். அந்தக் கூட்டலை யாராவது போட வேண்டும்.

ஊரிலேயே முடியுமா?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் சி.எம்.சி.-க்கு எண்பது கிலோமீட்டர் சொச்சம், புதுச்சேரி ஜிப்மர் அதைவிடத் தூரம், சென்னை இன்னும் தூரம். பஸ் வசதி இருக்கிறதே என்பார்கள். தொடை இடுக்கில் புண்ணோடு இரண்டு மணி நேரம் பஸ் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். லேசருக்கு ஆறு தடவை என்றால் போகவும் வரவும் பன்னிரண்டு பயணம். பாதியில் விட்டுவிடுவதற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை.

ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவக் கல்லூரி என்றால் தோல் நோய்ப் பிரிவும் அறுவை சிகிச்சைப் பிரிவும் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி என்று பெருமையாகச் சொல்லும் மாநிலம், அந்தக் கல்லூரிகளின் தோல் பிரிவில் மாநிறத் தோலுக்கு ஏற்ற ஒரு 1064 லேசரை அவசியக் கருவிப் பட்டியலில் சேர்ப்பது பெரிய கோரிக்கை அல்ல. எச்.எஸ். மட்டுமில்லை, பிடரியில் தடித்த தழும்பாக வளரும் முடிக்குழி நோய்க்கும் தலையில் சீழ்கட்டி வழுக்கை விழவைக்கும் நோய்க்கும் அதே கருவி பயன்படும்.

கருவி வந்தாலும் ஆள் வர வேண்டுமே? ஏழு வருஷத் தாமதம் கருவி வாங்கினால் போகாது. அதற்கு இந்த மாநிலத்தில் தயாராக ஒரு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எச்.எஸ். உள்ளவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கூட வருவது சகஜம் என்பதால் இரண்டு வேலைக்கும் வீடு ஒன்றுதான். வெளிநாட்டு ஆய்வாளர்கள் எச்.எஸ். உள்ளவர்களைச் சலித்தெடுக்க ஒரே ஒரு கேள்வியைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம்ம பேச்சில் கேட்டால் இப்படி இருக்கும்: "அக்கா, கடைசி ஆறு மாசத்துல அக்குள்லயோ தொடை இடுக்குலயோ மார்புக்கு அடியிலயோ குறைஞ்சது ரெண்டு கட்டியாவது வந்துச்சா?"

வெள்ளைக் கோட்டு போட்ட ஆண் மருத்துவரிடம் வாய் திறக்காத பெண், பக்கத்துத் தெரு அக்காவிடம் சொல்வாள். ஆண்களிடம் இதே கேள்வியைக் கேட்பது கொஞ்சம் சிரமம்தான், அதற்கு வேறு ஆள் வேண்டியிருக்கும். 'ஆமா' என்று சொன்னவர்களைக் கல்லூரி மருத்துவமனைத் தோல் பிரிவுக்கு அனுப்ப ஒரு சீட்டு. அங்கே மாதத்தில் இரண்டு நாள், தனி அறை, பெண்களுக்குப் பெண் மருத்துவர், ஒருவருக்கு இருபது நிமிடம் என்று வைத்தால், ஒரே ஒரு கருவியிலேயே மாதம் 30 பேருக்கு மேல் பார்த்துவிடலாம்.